ஸ்டாட்டின் மாத்திரை பூசணத்திலிருந்து வந்ததா? அகிரா எண்டோவின் கதை

கேள்வி: அப்பாவுக்குப் போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் போடச் சொல்லியிருக்கிறார்கள். சொந்தக்காரர் ஒருவர், "அது கெமிக்கல், அதற்குப் பதில் இயற்கையான சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை வாங்கிக் கொடு" என்கிறார். இன்னொருவர், ஸ்டாட்டினே பூசணத்திலிருந்து எடுத்ததுதான் என்கிறார். எது உண்மை? இதைக் கண்டுபிடித்தது யார், அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்களா?

இரண்டு பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஸ்டாட்டின் என்பது ரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து வகை, அப்பாவின் அட்டோர்வாஸ்டாட்டினும் அதில் ஒன்று. முதல் ஸ்டாட்டின் பூசணத்திலிருந்து எடுத்ததுதான். கண்டுபிடித்தவர் அகிரா எண்டோ என்ற ஜப்பானிய உயிர்வேதியியலாளர். நோபல் கொடுக்கவில்லை, இனிக் கொடுக்கவும் முடியாது, 2024 ஜூன் 5 அன்று தொண்ணூறு வயதில் காலமாகிவிட்டார். உங்கள் சொந்தக்காரர் சொல்லும் சிவப்பு அரிசிக்கும் இவருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன், நடுவில் நடந்தது தெரியாமல் அதை மட்டும் சொன்னால் அதன் கனம் புரியாது. மருந்தியல் மாணவர்களுக்குப் பல வருடம் உயிர்வேதியியல் நடத்தியவன் நான். அந்த வகுப்புகளில் அதிகம் சொன்ன கதை இதுதான், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

எண்டோ பிறந்தது 1933இல், ஜப்பானின் வடக்கே, பனி கொட்டும் அகிதா மாகாணத்தில், விவசாயக் குடும்பத்தில். தாத்தாவுக்கு மருத்துவத்திலும் அறிவியலிலும் ஆர்வம், பேரனுக்கு வீட்டிலேயே முதல் வாத்தியார் அவர்தான். அந்தப் பக்கத்தில் ஒரு காட்டுக் காளான் முளைக்கும். மனிதர்கள் சமைத்துச் சாப்பிடுவார்கள், ஆனால் ஈ அதைத் தொட்டால் செத்துப்போகும். பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே எண்டோ அதை வேகவைத்து, ஈயைக் கொல்லும் பொருள் காளானிலேயே தங்குகிறதா, தண்ணீரில் இறங்கிவிடுகிறதா என்று பார்த்திருக்கிறார். தண்ணீரில் இறங்கிவிடுகிறது. சின்னப் பரிசோதனைதான், ஆனால் ஒரே பொருள் ஓர் உயிரைக் கொல்லும், இன்னோர் உயிரை ஒன்றும் செய்யாது என்பது அந்த வயதிலேயே அவர் கண்ணால் பார்த்த விஷயம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சென்டாயில் இருக்கும் டோஹோக்கு பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் படிப்பு. அங்கே அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் வாழ்க்கை வரலாற்றைப் படித்து, ஒரு பூசணத்திலிருந்து பென்சிலின் வந்த கதையில் மனதைப் பறிகொடுத்திருக்கிறார். 1957இல் டோக்கியோவின் சான்க்யோ மருந்துக் கம்பெனியில் வேலை. முதலில் கொடுத்த வேலைக்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இல்லை. பழச்சாற்றில் கலங்கலாக நிற்கும் பெக்டினைக் கரைக்கும் நொதி (என்சைம்) வேண்டும், எங்கிருந்தாவது கண்டுபிடி என்றார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பூஞ்சைகளை அலசி, திராட்சையைத் தாக்கும் ஒரு பூஞ்சையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார், கம்பெனி அதை விற்கவும் செய்தது. முனைவர் பட்டமும் அதற்கே. நிறைய பூஞ்சைகளைப் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டால் ஏதோ ஒன்று பதில் சொல்லும் என்ற நம்பிக்கை அவருக்கு அங்கேதான் வந்தது என்று நினைக்கிறேன்.

1966இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரிக்கு இரண்டு வருட ஆராய்ச்சிக்காகப் போனார். குடியிருந்தது பிராங்ஸ் பகுதியில். அங்கே அவரை உலுக்கியது இரண்டு விஷயம்: மக்கள் சாப்பிடும் கொழுப்பின் அளவு, அக்கம்பக்கத்தில் தனியாக வாழும் வயதான தம்பதிகளின் வீடுகளுக்கு அடிக்கடி வரும் ஆம்புலன்ஸ். மாரடைப்பு வந்தவர்களைத் தூக்கிக்கொண்டு போவதைப் பலமுறை பார்த்திருக்கிறார். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடினால் மாரடைப்பு கூடும் என்று அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்வு அதற்குள் காட்டியிருந்தது. ஆனால் அதைக் குறைக்க உருப்படியான மருந்து எதுவும் கிடையாது. இருந்தவற்றில் சில வயிற்றைப் படுத்தும், சில பெரிதாகக் குறைக்காது. டிரைபரனால் என்று ஒன்று வந்து கண்புரையை உண்டாக்கி, 1962இல் சந்தையிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தது.

இந்த டிரைபரனால் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும், எண்டோவின் யோசனையின் அடிப்படை இதில் இருக்கிறது. நம் உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, உடம்பே, முக்கியமாகக் கல்லீரல், தயாரித்துக்கொள்கிறது. அசிடேட் என்ற மிகச் சின்னப் பொருளில் ஆரம்பித்து முப்பது படி தாண்டினால் கொலஸ்ட்ரால் வரும். இந்தப் பாதையைத் துப்புத்துலக்கியதற்காக கான்ராட் பிளாக், ஃபியோடோர் லீனன் இருவருக்கும் 1964இல் நோபல் கிடைத்தது. டிரைபரனால் இந்தப் பாதையின் கடைசிப் பகுதியில் குறுக்கே விழுந்தது. அங்கே அடைத்தால், அதுவரை தயாராகி வந்த கொலஸ்ட்ரால் மாதிரியான பொருள் போக வழியில்லாமல் உடம்பில் தேங்கும். பாதையின் ஆரம்பத்தில், எச்எம்ஜி கோஏ ரிடக்டேஸ் என்ற நொதி வேலை செய்யும் படியில் அடைத்தால்? அந்த நொதிதான் மொத்த உற்பத்தியின் வேகத்தையும் கட்டுப்படுத்தும் மதகு. அங்கே தடுத்தால் தேங்கும் சின்னப் பொருளை உடம்பு வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளும்.

மதகை அடைக்கும் பொருளுக்கு எங்கே போவது? இங்கேதான் அந்தக் காளான் பையன் மறுபடி வருகிறான். பூஞ்சைகளும் மற்ற நுண்ணுயிர்களும் மண்ணிலும் தானியத்திலும் ஒன்றையொன்று விரட்டித்தான் பிழைக்கின்றன. சில நுண்ணுயிர்களுக்குத் தங்கள் உயிரணுச் சுவரோரம் கொலஸ்ட்ரால் போன்ற பொருள்கள் இல்லாமல் முடியாது. அப்படியானால் எதிரியின் அந்த உற்பத்தியை முடக்கும் ஆயுதத்தை ஏதாவது ஒரு பூஞ்சை செய்துவைத்திருக்கவேண்டும். இருக்கும் என்று நம்பியது யூகம்தான், ஆதாரம் எதுவும் கையில் இல்லை.

1971இல் டோக்கியோவில் குரோடா மசாவோவையும் சேர்த்து ஒரு சின்னக் குழு இந்த வேட்டையை ஆரம்பித்தது. பூஞ்சையை வளர்த்து அதன் சாற்றை எடுப்பது, எலியின் கல்லீரலிலிருந்து எடுத்த நொதிக் கலவையில் அதைச் சேர்ப்பது, கதிரியக்கக் கார்பன் ஏற்றிய அசிடேட்டைக் கொடுத்து, அது கொலஸ்ட்ராலாக மாறுவது குறைகிறதா என்று அளப்பது. ஒரு பூஞ்சை முடிந்தால் அடுத்தது. இப்படி இரண்டு வருடத்தில் சுமார் 6000 வகைகள்.

முதல் வருடத்து வேலையில் ஒன்று சிக்கியது. சிட்ரினின் என்ற பொருள், நொதியை நன்றாகவே தடுத்தது, எலியின் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்கவும் செய்தது. ஆனால் சிறுநீரகத்துக்கு விஷம், எனவே தூக்கிப் போட்டார்கள். இந்தப் பெயரையும் மறக்கவேண்டாம்.

அடுத்தது 1972இல் வந்தது, க்யோட்டோவின் ஒரு தானியக் கடை அரிசியில் வளர்ந்திருந்த நீலப்பச்சைப் பூசணம், பெனிசிலியம் சிட்ரினம். பென்சிலின் கொடுத்த பூசணத்தின் சொந்தம். அதன் சாற்றைப் பிரித்துப் பிரித்து 1973இல் அந்தப் பொருளைத் தனியாக எடுத்தார்கள். கம்பெனிப் பதிவேட்டில் அதன் பெயர் எம்எல்-236பி, பிற்பாடு உலகம் அதை காம்பாக்டின் என்று சொன்னது. அதன் மூலக்கூறில் ஒரு முனை, நொதி வழக்கமாகப் பிடிக்கும் பொருளைப் போலவே இருக்கும். நொதி ஏமாந்து இதைப் பிடித்துக்கொள்ளும், அசல் பொருளைவிட ஆயிரக்கணக்கான மடங்கு இறுக்கமாக. மதகு மூடிவிடும். சோதனைக் குழாயில் இதைவிட அழகான முடிவு வந்திருக்க முடியாது.

சரி, அடுத்து எலிக்குக் கொடுத்துப் பார்க்கவேண்டும். கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

வாரக்கணக்கில் தீவனத்தில் கலந்து கொடுத்தும் எலியின் ரத்தக் கொலஸ்ட்ரால் அசையவில்லை. இங்கே பெரும்பாலான மருந்துகளின் கதை முடிந்துவிடும், முடியவும் செய்தது. இங்கிலாந்தின் பீச்சம் கம்பெனிக்காரர்கள் வேறொரு பெனிசிலியத்திலிருந்து இதே பொருளைத் தனியாகக் கண்டுபிடித்து 1976இல் வெளியிட்டார்கள், காம்பாக்டின் என்று பேர் வைத்ததே அவர்கள்தான். அவர்களும் எலிக்குக் கொடுத்தார்கள், அசையவில்லை, மூடிவைத்துவிட்டார்கள். அதே மூலக்கூறு, அதே எலி, அதே முடிவு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், எலியில் வேலை செய்யாத மருந்தை யார் மேலே கொண்டுபோவார்கள்?

எண்டோ கேட்ட கேள்வி வேறு. மருந்தில் கோளாறா, எலியில் கோளாறா? தோண்டிப் பார்த்ததில், மதகை அடைத்ததும் எலியின் கல்லீரல் அந்த நொதியையே பல மடங்கு கூடுதலாகத் தயாரித்து ஈடுகட்டிவிடுகிறது என்று தெரிந்தது. இன்னொன்று, எலியின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் எச்டிஎல் துகள்களில், அதாவது நல்ல கொலஸ்ட்ரால் என்கிறோமே அதில், இருக்கிறது. மனிதனின் ரத்தக்குழாயில் படிந்து தொல்லை கொடுக்கும் எல்டிஎல் அதற்கு மிகக் கொஞ்சம். குறைக்க அங்கே இருப்பதே குறைவு. தப்பான ஆளிடம் கேட்ட கேள்வி அது.

அப்படியென்றால் சரியான ஆள் யார்? கொலஸ்ட்ரால் நிறைய தயாரிக்கும் பிராணி. முட்டையிடும் கோழி! ஒவ்வொரு முட்டை மஞ்சள் கருவிலும் அவ்வளவு கொலஸ்ட்ராலைப் போட்டு அனுப்பவேண்டும் என்றால் அதன் உடம்பில் உற்பத்தி எந்த மட்டத்தில் நடக்கவேண்டும். அதே கம்பெனியில் கித்தானோ நோரிதோஷி என்ற சக ஆராய்ச்சியாளர் வேறொரு சோதனைக்காகக் கோழிகள் வைத்திருந்தார். 1976இல் அந்தக் கோழிகளின் தீவனத்தில் காம்பாக்டினைக் கலந்தார்கள். சில வாரத்தில் ரத்தக் கொலஸ்ட்ரால் கிட்டத்தட்டப் பாதியாக இறங்கியது, முட்டையிடுவதில் குறைவில்லை. அப்புறம் நாய், குரங்கு, இரண்டிலும் இறங்கியது. வகுப்பில் இந்த இடம் வரும்போது நான் ஒரு நிமிடம் நிறுத்துவேன், இரண்டு வருடம் எலியிடம் தோற்ற ஒரு மருந்தைக் காப்பாற்றியது, கோழிக்கும் எலிக்கும் கொழுப்பு எப்படி ஓடுகிறது என்ற வித்தியாசம் தெரிந்த ஒரு மனிதர்.

அத்தோடு தொல்லை தீரவில்லை. 1977இல் கம்பெனியின் நச்சுப் பரிசோதனைப் பிரிவு, மிக அதிக அளவு கொடுத்த எலிகளின் கல்லீரல் உயிரணுக்களில் படிகம் போல ஏதோ தெரிகிறது என்றது. திட்டம் மறுபடி நின்றுவிடும் நிலை. இந்தச் சமயத்தில்தான் ஒசாகா பல்கலைக்கழக மருத்துவமனையின் டாக்டர் அகிரா யமமோத்தோ வந்தார். அவரிடம் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய் கடுமையாக இருந்த நோயாளிகள் இருந்தார்கள், அம்மா அப்பா இருவரிடமிருந்தும் கெட்ட மரபணு வாங்கி வந்த, வேறு வழியே இல்லாதவர்கள். 1978 பிப்ரவரியில் பதினெட்டு வயதுப் பெண் ஒருவருக்கு நாளுக்கு 500 மில்லிகிராம் கொடுத்தார். கொலஸ்ட்ரால் சுமார் 20 சதவீதம் குறைந்தது. ஆனால் இரண்டே வாரத்தில் தசைகள் பலவீனமாகிவிட்டன, ரத்தத்தில் தசை நொதிகள் ஏறின. நிறுத்தினார். ஸ்டாட்டினால் தசை வலி வரும் என்று இன்று கேள்விப்படுகிறோமே, அது உலகத்தின் முதல் நோயாளியிடமே தெரிந்துவிட்டது. யமமோத்தோ பயந்து கைவிடாமல் அளவைக் குறைத்தார், நோய் அவ்வளவு கடுமையாக இல்லாதவர்களுக்குக் கொடுத்தார், அங்கே சராசரியாக 27 சதவீதம் இறங்கியது, தொல்லையும் இல்லை. 1981இல் கனசாவாவின் டாக்டர் மாபுச்சி ஏழு நோயாளிகளில் எல்டிஎல் 29 சதவீதம் குறைந்ததை வெளியிட்டார்.

ஆனால் அதற்குள் கம்பெனி நிறுத்திவிட்டது. நாய்களுக்கு இரண்டு வருடம் மிகப் பெரிய அளவில் கொடுத்த சோதனையில், குடலில் புற்றுநோய் போன்ற மாற்றம் தெரிகிறது என்று சொல்லி 1980 ஆகஸ்டில் காம்பாக்டினை மூட்டைகட்டினார்கள். கொடுத்த அளவு கிலோ எடைக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும். அறுபது கிலோ மனிதருக்குக் கணக்குப் போட்டால் நாளுக்கு 6000 மில்லிகிராம். முதல் நோயாளிக்குக் கொடுத்து, அதிகம் என்று நிறுத்திய 500 மில்லிகிராமே இதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். அது புற்றுநோயே இல்லை, தவறாகப் படித்துவிட்டார்கள் என்பது எண்டோவின் கருத்து. அவர் அப்போது கம்பெனியில் இல்லை. 1978 கடைசியில் வேலையை விட்டு, டோக்கியோ வேளாண் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார். இருபத்தொரு வருடம் இருந்த இடம், கையில் இருந்த மருந்து இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி பூஞ்சைகளிடம் போனார். 1979 பிப்ரவரிக்குள் மோனாஸ்கஸ் ரூபர் என்ற சிவப்புப் பூஞ்சையிலிருந்து காம்பாக்டினைவிடக் கொஞ்சம் பலமான இன்னொரு பொருளை எடுத்து, மோனகோலின் கே என்று பேர் வைத்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார்.

அதே வேளையில் அமெரிக்காவின் மெர்க் கம்பெனி என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்க்கவேண்டும். 1976இல் சான்க்யோவோடு ரகசியம் காக்கும் ஒப்பந்தம் போட்டு காம்பாக்டினின் மாதிரியையும் சோதனைத் தகவல்களையும் வாங்கியிருந்தார்கள். ராய் வேகலோஸ் தலைமையில் ஆல்ஃபிரட் ஆல்பர்ட்ஸ் குழு தாங்களாகத் தேட ஆரம்பித்து, 1978 நவம்பரில், தேடலின் ஆரம்பத்திலேயே, ஆஸ்பெர்ஜில்லஸ் டெரியஸ் என்ற மண் பூஞ்சையில் ஒன்றைப் பிடித்தார்கள். அதுதான் லோவாஸ்டாட்டின். எண்டோவின் மோனகோலின் கே-யும் இதுவும் அணு பிசகாமல் ஒரே மூலக்கூறு! இரண்டு பூஞ்சை, இரண்டு கண்டம், சில மாத இடைவெளி. யாருக்குக் காப்புரிமை என்பதில், அமெரிக்காவில் அன்று முதலில் கண்டுபிடித்தவருக்கு என்று சட்டம், அதனால் மெர்க்குக்கு. பல நாடுகளில் முதலில் விண்ணப்பித்தவருக்கு, அங்கே எண்டோ பக்கம். மெர்க் ஆட்கள் திறமைசாலிகள், மறுக்கவில்லை. ஆனால் எந்த மதகை எந்த மாதிரிப் பொருளால் அடைக்கலாம் என்று தெரிந்தபின் தேடுவதும், அப்படி ஒன்று இருக்கிறதா என்றே தெரியாமல் 6000 பூஞ்சைகளைத் தேடுவதும் ஒன்றாகாது.

நாய்ச் செய்தி காதில் விழுந்ததும் மெர்க்கும் 1980இல் சோதனைகளை நிறுத்தியது. கதையை மறுபடி நகர்த்தியவர்கள் டாக்டர்கள். பரம்பரை நோயாளிகள் கண்முன்னே இறந்துகொண்டிருக்க, ஆரிகனிலிருந்து ராஜர் இல்லிங்வொர்த், டாலஸிலிருந்து ஸ்காட் கிரண்டியும் டேவிட் பில்ஹைமரும் மருந்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்டிஎல் சரசரவென்று இறங்கியது. மெர்க் நாய்களில் நீண்டகாலச் சோதனையை மறுபடி செய்து, கட்டி எதுவும் இல்லை என்று உறுதிசெய்து, 1987 செப்டம்பரில் லோவாஸ்டாட்டினுக்கு அமெரிக்க அனுமதி வாங்கியது. கோழி மீட்ட மருந்தை நாய் நிறுத்தியது, அதே நாயே திரும்ப அனுப்பியது. இன்னும் ஒன்று: காம்பாக்டின் கொடுத்த நாய்களின் சிறுநீரில் கண்ட ஒரு பொருளைத்தான் சான்க்யோ பிற்பாடு பிரவாஸ்டாட்டினாகக் கொண்டுவந்தது, 1989இல். அது பெரிய வெற்றி.

இப்போது நோபல். டாலஸில் மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டீன் இருவரும் எழுபதுகளில் எல்டிஎல் ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். கல்லீரல் உயிரணுவின் வெளிச்சுவரில் இருந்து, ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பரம்பரை நோயாளிகளுக்கு இந்தக் கைகள் பாதிதான் இருக்கும் அல்லது அறவே இருக்காது. இவர்கள் எண்டோவிடம் காம்பாக்டின் கேட்டு வாங்கி வேலை செய்தார்கள், 1978இல் அவரோடு சேர்ந்து கட்டுரையும் எழுதினார்கள். ஸ்டாட்டின் எப்படி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்ற விளக்கம் இவர்களுடையது: மதகை அடைத்ததும் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் பற்றாக்குறை வருகிறது, அதைச் சரிக்கட்ட வெளியே கூடுதல் கைகளை நீட்டி ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை வாரிக்கொள்கிறது. அதாவது மருந்தின் உண்மையான பலன், உற்பத்தி குறைவதைவிட இந்த வாரிக்கொள்வதில்தான் அதிகம். 1985இல் இருவருக்கும் நோபல். நூறு சதவீதம் தகுதியான பரிசு. எண்டோ பெயர் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டால், என் கணிப்பு இது. 1985இல் எந்த ஸ்டாட்டினும் மருந்துக் கடைக்கு வரவில்லை. ஸ்டாட்டின் உயிரைக் காப்பாற்றுகிறது என்ற உறுதியான நிரூபணம் 1994இல்தான் வந்தது. அதற்குள் கொலஸ்ட்ராலுக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்ற நிலை. எனக்கு இதில் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. 2015இல் ஜப்பானியரான சத்தோஷி ஓமுராவுக்கு, மண் நுண்ணுயிரியிலிருந்து வந்த அவெர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்துக்காகப் பரிசு கொடுத்தபோது, இதே வகையான வேலையைச் செய்த எண்டோவுக்கும் ஒரு நாள் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஜப்பான் பரிசு 2006இல், லாஸ்கர் விருது 2008இல், கெய்ர்ட்னர் விருது 2017இல் கிடைத்தன. கோடி கோடியாக விற்ற ஸ்டாட்டின் வருமானத்தில் அவருக்குப் பங்கு எதுவும் போகவில்லை. எழுபது வயதில் தனக்கே கொலஸ்ட்ரால் ஏறியிருந்ததைப் பார்த்த டாக்டர், கவலைப்படாதீர்கள், இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன என்று ஆறுதல் சொன்னாராம், எதிரில் இருப்பவர் யார் என்று தெரியாமல். இதை எண்டோவே சொல்லியிருக்கிறார்.

அந்த 1994 நிரூபணம் உங்கள் அப்பாவுக்கு நேரடியாகப் பொருந்துவது, அதனால் எண்களோடு சொல்கிறேன். டென்மார்க், ஃபின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் ஏற்கெனவே மாரடைப்போ நெஞ்சுவலியோ வந்த, கொலஸ்ட்ரால் கூடியிருந்த 4444 பேர். பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. ஐந்து வருடத்துக்குச் சற்று மேலாகக் கவனித்ததில், வெறும் மாத்திரை போட்டவர்களில் 256 பேர் இறந்தார்கள், மருந்து போட்டவர்களில் 182 பேர். இதயக்குழாய் நோயால் மட்டும் இறந்தவர்கள் 189க்கு 111. ஸ்டென்ட் வைத்தவர் அந்த 4444 பேர் இருந்த கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். ஸ்டென்ட் ஒரு இடத்து அடைப்பைத் திறக்கிறது, மற்ற குழாய்களில் படிவதை அது கவனிக்காது, மாத்திரைதான் கவனிக்கும்.

அப்பா போடும் அட்டோர்வாஸ்டாட்டின் பூசணத்திலிருந்து வருவதில்லை, ஆய்வுக்கூடத்தில் முழுக்க முழுக்கத் தொகுத்தெடுத்தது, 1985இல் புரூஸ் ராத் என்ற வேதியியலாளர் செய்தது. ஆனால் நொதியின் வாயில் போய் மாட்டும் அந்த முனை க்யோட்டோ அரிசிப் பூசணம் காட்டிக்கொடுத்த அதே வடிவம்தான். பக்கவிளைவு இல்லையா என்றால், உண்டு. தசை வலி சிலருக்கு வரும், அரிதாகத் தசை கடுமையாகப் பாதிக்கப்படலாம், செரிவாஸ்டாட்டின் என்ற ஒரு ஸ்டாட்டினை அதற்காகவே 2001இல் திரும்பப் பெற்றார்கள். சர்க்கரை சற்றே ஏறவும் வாய்ப்புண்டு. அதேசமயம், தொல்லை தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரை வைத்து லண்டனில் செய்த சோதனை ஒன்று 2020இல் வெளிவந்தது. அவர்களுக்குச் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் வெறும் மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்ததில், ஸ்டாட்டினில் சொன்ன தொல்லையில் 90 சதவீதம் வெறும் மாத்திரையிலும் வந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை, வலி நிஜம், காரணம் பெரும்பாலும் மருந்து இல்லை. அப்பாவுக்கு உடம்புவலி என்றால் டாக்டரிடம் சொல்லி, தசை பாதிப்பைக் காட்டும் சிகே ரத்தப் பரிசோதனை பார்த்து, அளவைக் குறைக்கலாமா, வேறு ஸ்டாட்டின் மாற்றலாமா என்று கேளுங்கள். யமமோத்தோ 1978இல் செய்ததும் அதுதானே. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இனி அந்தச் சிவப்பு ஈஸ்ட் அரிசி. முதலில், இது நம்மூர் சிவப்பரிசியோ மாப்பிள்ளைச் சம்பாவோ கிடையாது, பெயரைப் பார்த்துக் குழம்பவேண்டாம். வெள்ளை அரிசியில் மோனாஸ்கஸ் பூஞ்சையை வளர்த்துச் சிவக்க வைத்தது, சீனாவில் நெடுங்காலமாகச் சமையலுக்கும் நிறத்துக்கும் பயன்படுவது. மோனாஸ்கஸ் என்ற பெயரை மேலே பார்த்தீர்கள். எண்டோ 1979இல் மோனகோலின் கே எடுத்த பூஞ்சையின் குடும்பம். அந்தக் குப்பியில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருள் எதுவோ அது லோவாஸ்டாட்டினேதான். உங்கள் சொந்தக்காரர் ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு ஸ்டாட்டின் கொடுக்கச் சொல்கிறார், அவருக்கு அது தெரியாது, அவ்வளவுதான். தசை வலி வரும் என்றால் இதிலும் வரும்.

வித்தியாசம் அளவில் இருக்கிறது. மருந்துக் கடை மாத்திரையில் 40 என்றால் 40. இந்த அரிசி மாத்திரையில் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஒன்றில் ஏறக்குறைய எதுவுமே இருக்காது, இன்னொன்றில் மருந்தளவுக்கே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல், இந்த வகை மாத்திரைகளில் ஒரு நாளைக்கான மோனகோலின் 3 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்கவேண்டும் என்று விதித்தது. அந்தக் கொஞ்ச அளவை நம்பி, ஸ்டென்ட் வைத்தவரின் 40 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டினை நிறுத்துவதற்கு எந்த இதய மருத்துவரும் சம்மதிக்கமாட்டார்.

இன்னும் ஒன்று. மோனாஸ்கஸ் வகைப் பூஞ்சைகள் வளரும்போது மோனகோலினோடு வேறொரு பொருளையும் சேர்த்துச் சுரப்பதுண்டு, கவனமாகத் தயாரிக்காவிட்டால் அது மாத்திரையில் தங்கிவிடும். ஐரோப்பாவில் அதற்கும் தனியாக உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் சிட்ரினின். எண்டோவின் குழு முதல் வருடத்திலேயே சிறுநீரகத்துக்கு விஷம் என்று தூக்கிப் போட்ட அதே சிட்ரினின்.